ஜி பியூகிளிலிருந்து பி-ஃப்ளாட் டிரம்பெட் வரை: அணிவகுப்புக் குழுவின் நாதத்தை மாற்றியது சுருதியா, வடிவமைப்பா?

சீரிசை:

அமெரிக்க டிரம் கோர் குழுக்களின் (களத்தில் அணிவகுத்தபடி பித்தளை ஊதுகருவிகளும் மேளங்களும் இசைக்கும் குழுக்கள்) 1980களின் ஒலிப்பதிவுகளையும் 2000க்குப் பிந்தைய ஒலிப்பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே கருத்தைச் சொல்கிறார்கள். பழைய நாதம் கனமானது, சற்று முரட்டுத்தனமானது; புதியது தெளிவானது, ஆனால் மெலிந்தது; கருவிகள் ஜி சுருதியை விட்டு பி-ஃப்ளாட்டுக்கு மாறியதே இதற்குக் காரணம் என்கிறார்கள். நாதம் மாறியது என்பதை நானும் ஏற்கிறேன். அதற்குச் சுருதிதான் காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. அதைப் பற்றி விவாதிக்கவே இந்த இழை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாம் உலகப் போருக்குப் பின் முன்னாள் படைவீரர் சங்கங்களைச் சார்ந்து எழுந்த குழுக்கள், படையில் பயன்பட்டுவந்த வால்வில்லாத ஜி பியூகிள்களை (படை முழக்கத்துக்கான பித்தளை ஊதுகுழல்கள்) கொண்டே அணிவகுத்தன. அந்தக் குழலில் சீரிசை வரிசையின் சுரங்கள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் 2, 3, 4 போன்ற முழு மடங்குகள், மட்டுமே கிடைக்கும். பிறகு ஜியிலிருந்து டிக்கு இறக்கும் ஒரு கிடைநிலைப் பிஸ்டன் வந்தது. அதன்பின் அரைச்சுரம் இறக்கும் ரோட்டரி வால்வு சேர்ந்தது. இக்குழுக்களின் போட்டிகளை நடத்தும் அமைப்பான டிரம் கோர் இன்டர்நேஷனல் 1972இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டரில் தன் முதல் சாம்பியன் போட்டியை நடத்தியபோதும் நிலைமை ஏறக்குறைய இதுதான். 1977இல் இரண்டு செங்குத்துப் பிஸ்டன்களும் 1990இல் மூன்று பிஸ்டன்களும் அனுமதிக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டுப் பருவத்திலிருந்து எந்தச் சுருதியிலும் கருவி இருக்கலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலான குழுக்கள் பி-ஃப்ளாட் டிரம்பெட், எஃப் மெல்லோஃபோன், பி-ஃப்ளாட் பேரிடோன் அல்லது யூஃபோனியம், பி-ஃப்ளாட் டூபா என்ற அமைப்புக்கு வந்துவிட்டன.

ஒரு கருவியை 'ஜி' என்று சொல்லும்போது அதன் குழலின் நீளத்தைத்தான் சொல்கிறோம். பி-ஃப்ளாட் டிரம்பெட்டின் குழல் சுமார் 1.48 மீட்டர், மூன்று அரைச்சுரம் தாழ்ந்த ஜி சொப்ரானோவின் குழல் சுமார் 1.76 மீட்டர். இந்த நீள வேறுபாடு மட்டுமே நாதத்தைக் கனமாக்கிவிடாது. குழலின் உள்விட்டம், அது கூம்பாக விரியும் விதம், பெல்லின் (குழலின் விரிந்த வாய்) அகலம், உலோகத் தகட்டின் வளைவு, மௌத்பீஸின் (உதடு வைத்து ஊதும் முனை) கிண்ண ஆழம் ஆகியவைதான் நாதத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் நிலைப்பாடு.

பழைய பியூகிள்:

சீரிசை அவர்கள் கருவியைத் தனியாக எடுத்துப் பார்க்கிறார். நான் இரண்டு வால்வு ஜி சொப்ரானோ ஊதியவன். குழுவாக நிற்கும்போது வேறொன்று நிகழ்கிறது என்று சொல்ல விரும்புகிறேன்.

ஜி காலத்தில் களத்தில் இருந்த எல்லாப் பித்தளைக் கருவிகளும் ஒரே சுருதியில் இருந்தன. ஸ்தாயியில் மட்டுமே வேறுபட்டன. சொப்ரானோ, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே பேரிடோன், அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே கான்ட்ராபாஸ். வால்வு அழுத்தாமல் ஊதும் சுரங்கள் எல்லோருக்கும் ஒரே சீரிசை வரிசையிலிருந்து வந்தன. ஐந்தாம் சீரிசை 14 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்தால் எல்லோருக்கும் தாழ்ந்தது, மூன்றாம் சீரிசை 2 சென்ட் உயர்ந்தால் எல்லோருக்கும் உயர்ந்தது. ஆகவே ஸ்தாயிகளுக்கிடையே ஒரே சுரம் எளிதில் ஒட்டிக்கொண்டது. இன்றைய குழுவில் மெல்லோஃபோனுக்கு ஐந்தாம் சீரிசையாக வரும் ஏ சுரம், டிரம்பெட்டுக்கு இரண்டாம் வால்வை அழுத்திப் பெறும் சுரம். இரண்டும் வெவ்வேறு அளவில் விலகும்.

இரண்டு வால்வின் குறைபாடும் நாதத்தை உருவாக்கியது என்பேன். இரண்டு வால்வால் மூன்று அரைச்சுரம் வரைதான் இறங்க முடியும். எழுத்துச் சுரத்தில் (ஜி கருவியில் ஒலிக்கும் ஜியை இசைத்தாளில் சி என்று எழுதும் முறை) சொன்னால், இரண்டாம் சீரிசையான சிக்கும் மூன்றாம் சீரிசையான ஜிக்கும் இடையே டி-ஃப்ளாட், டி, இ-ஃப்ளாட் ஆகிய மூன்றும் கிடைக்காது. அந்த ஜிக்கும் அடுத்த சிக்கும் இடையே ஏ-ஃப்ளாட் கிடைக்காது. சொப்ரானோவுக்குக் கிடைக்காத அந்தத் தாழ்ந்த டியைப் பேரிடோன் தன் மேல் ஸ்தாயியில் எளிதாக ஊதிவிடும். எனவே இசை அமைத்தவர்கள் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும்படி எழுதினார்கள். நடு ஸ்தாயி எப்போதும் நிரம்பியிருந்தது. அந்தக் கனம் சுருதி விதியின் நேரடி விளைவு.

குழலியல்:

இருவர் சொல்வதிலும் ஒரு பொது அடிப்படை இருக்கிறது. அதை எண்களில் காட்டினால் வாதம் தெளிவாகும்.

698 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட எஃப் சுரத்தை எடுத்துக்கொள்வோம். முதல் டிரம்பெட்டுக்கு இது அன்றாடச் சுரம். பி-ஃப்ளாட் டிரம்பெட்டில் இது வால்வு அழுத்தாத ஆறாம் சீரிசை. அதற்குக் கீழே உள்ள ஐந்தாம் சீரிசை 316 சென்ட் தொலைவிலும், மேலே உள்ள ஏழாம் சீரிசை 267 சென்ட் தொலைவிலும் இருக்கின்றன. அதே சுரத்தை ஜி சொப்ரானோவில் ஊத, முதல் வால்வை அழுத்தி எட்டாம் சீரிசையைப் பிடிக்க வேண்டும். அங்கே கீழுள்ள அண்டைச் சீரிசை 231 சென்ட் தொலைவிலும் மேலுள்ளது 204 சென்ட் தொலைவிலும் இருக்கின்றன. வால்வு இல்லாமல் ஏழாம் சீரிசையைக் கொண்டு ஊதலாமே என்றால், அது 31 சென்ட் தாழ்ந்தது; குழுவோடு சேராது.

ஓடிக்கொண்டே ஊதும் ஒருவரின் உதடு சற்று நழுவினாலும் ஜி கருவியில் அண்டைச் சீரிசைக்குத் தாவிவிடும் வாய்ப்பு அதிகம். பழைய ஒலிப்பதிவுகளில் கேட்கும் 'முரட்டுத்தனத்தின்' ஒரு பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். முப்பது பேர் ஒரு சுரத்தைத் தாக்கும்போது சிலருடைய தொடக்கம் பிளவுபட்டால், கேட்பவருக்கு அது தவறாகத் தோன்றாமல் ஓசையின் விளிம்பு கரடுமுரடாக இருப்பதாகத் தோன்றும். சுருதி பாதிக்கும் இடம் இது: குறிப்பிட்ட சுரம் எத்தனையாவது சீரிசையில் விழுகிறது என்பதை அதுவே முடிவு செய்கிறது. வாசிப்பின் உறுதி மாறுகிறது. நாதவண்ணம் அதனால் அதிகம் மாறுவதில்லை.

நாதவண்ணத்தை ஆள்பவை வேறு. பெல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழுள்ள ஒலி பெரும்பாலும் பெல்லின் விளிம்பிலிருந்து குழலுக்குள்ளேயே திரும்பி நிலையலையை உருவாக்குகிறது. அதற்கு மேலுள்ளது தடையின்றி வெளியேறி, பெல் நோக்கும் திசையில் கற்றையாகச் செல்கிறது. டிரம்பெட்டுக்கு இந்த எல்லை சுமார் 1500 ஹெர்ட்ஸ். பெல் மெதுவாகவும் அகலமாகவும் விரிந்தால் எல்லை தாழும். மேற்சுரங்களுக்குக் குழலுக்குள் ஒத்ததிர்வு குறையும். நாதம் இருண்டு அகலும்.

இரண்டாவது காரணம் உரத்து ஊதும்போது மட்டும் தெரிவது. நீண்ட உருளைக் குழலில் வலிமையான அழுத்த அலை செல்லும்போது அதன் முன்முகம் போகப்போகச் செங்குத்தாகி, பெல்லை அடைவதற்குள் அதிர்ச்சி அலைக்கு நெருக்கமாகிவிடும். டிராம்போன் உச்ச உரத்தில் உலோகம் கிழிவதுபோல் ஒலிப்பது இதனால்தான். தொடக்கத்திலிருந்தே கூம்பாக விரியும் யூஃபோனியத்திலும் ஃப்ளூகல்ஹார்னிலும் அலை விரிந்து வலுவிழந்துவிடுவதால், எவ்வளவு உரத்து ஊதினாலும் அவற்றின் நாதம் அந்த அளவுக்குக் கூர்மையாவதில்லை. யூஃபோனியமும் டெனர் டிராம்போனும் ஒரே பி-ஃப்ளாட் சுருதி, ஏறக்குறைய ஒரே 2.75 மீட்டர் நீளம். சுருதி நாதத்தைத் தீர்மானிப்பதாக இருந்தால் இவ்விரண்டும் ஒன்றுபோல் ஒலித்திருக்க வேண்டும்.

தாழ்சுரம்:

கீழ்க்குரல்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அணிவகுப்பில் பெல் எந்தத் திசையை நோக்குகிறது என்ற கேள்வியே முதலில் அங்குதான் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலப் படைக்குழுக்கள், பெல் தோளுக்கு மேலாகப் பின்னோக்கி நீண்ட சாக்ஸ்ஹார்ன் வகைக் கருவிகளைச் சுமந்தன. குழு முன்னே செல்லும், படை பின்னே வரும்; இசை படைக்குக் கேட்க வேண்டும் என்பதே காரணம். 1890களில் பிறந்த, உடலைச் சுற்றி அணியும் டூபாவான சூசாஃபோனின் பெல் முதலில் வானை நோக்கியது; முன்னோக்கிய பெல் பின்னர்தான் வந்தது. டிரம் கோரில் 1960களில் தோள்மேல் கிடக்கும் கான்ட்ராபாஸ் பியூகிள் பரவியது. இன்றைய அணிவகுப்பு டூபா அதே அமைப்பின் தொடர்ச்சி.

58 ஹெர்ட்ஸ் சுரத்தின் அலைநீளம் ஏறக்குறைய ஆறு மீட்டர். அரை மீட்டர் அகலப் பெல்லால் அதைத் திசைப்படுத்த முடியாது. அது எல்லாப் பக்கமும் பரவும். அப்படியானால் பெல்லை முன்னோக்கித் திருப்புவதால் என்ன பயன்? அந்தச் சுரத்தின் மேற்சுரங்களும், நாக்கால் தொடங்கும் கணத்தின் கூர்மையும் முன்னோக்கிச் செல்கின்றன. சுரம் எப்போது தொடங்கியது என்பதைக் கேட்பவரின் காது அவற்றிலிருந்துதான் அறிகிறது. வானை நோக்கிய பெல் கொண்ட பழைய சூசாஃபோன் வரிசையையும் தோள் டூபா வரிசையையும் ஒப்பிட்டால், பின்னதில் தாளம் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. ஆனால் தோள் டூபாவை ஏந்துபவர் உடலைத் திருப்பினால் அந்தக் கூர்மையும் கூடவே திரும்பிப் போய்விடும். அணிநகர்வை வரைபவர்கள் இதைப் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் மனக்குறை.

இன்னொன்றும் உண்டு. ஜி கான்ட்ராபாஸின் குழல் சுமார் ஆறரை மீட்டர். பி-ஃப்ளாட் டூபா சுமார் ஐந்தரை மீட்டர். ஒரு மீட்டர் கூடுதல் குழலுக்குக் காற்றும் கூடுதலாக வேண்டும். ஆள் எண்ணிக்கை குறைந்த குழுவுக்கு இது நாதத்தின் கேள்வி ஆவதற்கு முன் மூச்சின் கேள்வி.

மெல்லோ:

சுருதிப் பெயர் ஒன்றாக இருந்தும் கருவிகள் எவ்வளவு வேறுபடலாம் என்பதற்கு எங்கள் மெல்லோஃபோன் வரிசையே சான்று. பிரெஞ்சு ஹார்ன் எஃப், மெல்லோஃபோனும் எஃப். ஆனால் ஹார்னின் குழல் சுமார் 3.7 மீட்டர், மெல்லோஃபோனின் குழல் அதில் பாதி. ஹார்ன் தன் மெல்லிசை வரியை எட்டாம் சீரிசையைச் சுற்றியும் அதற்கு மேலும் பாடுகிறது. அங்கே சுரங்கள் நெருங்கி நிற்பதால் நடந்துகொண்டே குறி தவறாமல் பிடிப்பது கடினம். மெல்லோஃபோனில் அதே சுரம் நான்காம் சீரிசை அளவில் அகன்ற இடைவெளிகளுக்கு நடுவே கிடைக்கிறது. பெல்லும் முன்னோக்கியது, ஹார்னில் பெல் பின்னோக்கி, கை அதனுள் இருக்கும். இவ்வளவு வசதிக்கும் விலை இருக்கிறது. மெல்லோஃபோனின் நாதம் ஹார்னைவிட ஒற்றைத் தன்மை கொண்டது, சுருதியும் எளிதில் அலையும். ஹார்ன் வகை மௌத்பீஸை இணைப்பியுடன் பொருத்தினால் நாதம் மென்மையாகும், ஆனால் சுருதி மேலும் நிலைகுலையும். டிரம்பெட்டை ஒத்த ஆழமான கிண்ண மௌத்பீஸே களத்துக்கு ஏற்றது என்று நான் நம்புகிறேன்.

களப்பயிற்சி:

நண்பர்கள் கருவிக்குள்ளேயே நிற்கிறார்கள். திறந்தவெளி என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுவர்களின் எதிரொலி இல்லாத இடத்தில், தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலியழுத்தம் 6 டெசிபெல் குறைகிறது. உயர்ந்த அதிர்வெண்களைக் காற்று கூடுதலாக உறிஞ்சுகிறது. அரங்கத்தின் மேல்வரிசைக்குப் போய்ச் சேரும் ஒலி, களத்தின் ஓரத்தில் கேட்பதைவிட இருண்டதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அருகில் நின்று கேட்டு 'மிகக் கூர்மையாக இருக்கிறது' என்று டிரம்பெட் வரிசையை அடக்கும் பயிற்சியாளர், மேல்வரிசைக் கேட்பவருக்குத் தெளிவற்ற நாதத்தையே அனுப்புகிறார்.

நேரமும் உண்டு. அமெரிக்கக் கால்பந்துக் களத்தின் அகலம் 48.8 மீட்டர். ஒலி அதைக் கடக்க ஏறக்குறைய 0.14 நொடி ஆகிறது. நிமிடத்துக்கு 180 அடிகள் கொண்ட வேகத்தில் ஓரடி மூன்றில் ஒரு நொடிதான். முன்வரிசையினர் தம் பின்னால் ஒலிப்பதைக் கேட்டு அதனோடு சேர்ந்து ஊத வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. இந்தச் சிதறலில் தொடக்கக் கூர்மை மிக்க கருவிகள் பிழையை வெளிக்காட்டும். கூம்புக் குழல்கள் அதை மறைக்கும். பழைய பியூகிள் அவர்கள் சொல்லும் 'ஒட்டுதலில்' இதற்கும் பங்கு இருக்கலாம், ஏனெனில் அக்காலப் பியூகிள்கள் பல அகன்ற உள்விட்டமும் பெரிய பெல்லும் கொண்டவை.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. 10 பாகை வெப்பம் கூடினால் ஒலியின் வேகம் சுமார் 1.75 விழுக்காடு கூடும்; கணக்குப்படி சுருதி 30 சென்ட் ஏற வேண்டும். ஊதுபவரின் மூச்சு குழலின் உட்காற்றை ஏற்கெனவே சூடாக்கி வைத்திருப்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறுவதில்லை. ஆனால் மூச்சின் சூடு நீண்ட குழலின் பெல்வரை அதே அளவில் எட்டுவதில்லை. டூபா வெளிக்காற்றைப் பின்பற்றும், டிரம்பெட் ஊதுபவரைப் பின்பற்றும். மாலையில் குளிர்ந்தால் கீழ்க்குரல்கள் முதலில் இறங்கும். கருவிகள் ஜியாக இருந்தாலும் பி-ஃப்ளாட்டாக இருந்தாலும் இது மாறாது.

ஒரே சுருதிக் குடும்பம்தான் ஒட்டும் என்ற வாதத்துக்கு ஒரு மறுப்பையும் வைக்கிறேன். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டின் 25 கருவிகள் பி-ஃப்ளாட், இ-ஃப்ளாட் என இரு சுருதிகளில் இருக்கின்றன. இங்கிலாந்தின் சாடில்வொர்த் ஊர்களில் விட் ஃப்ரைடே என்ற பிராஸ் பேண்ட் போட்டி நாளில் அவை தெருவில் நடந்தபடி ஊதுவதைக் கேட்டவர்கள், அவ்வளவு ஒன்றிய நாதம் வேறெந்தப் பித்தளைக் குழுவிலும் அரிது என்பதை ஒப்புக்கொள்வார்கள். கோர்னெட் முதல் பாஸ் வரை பெரும்பாலானவை கூம்புக் குழல்கள். ஒற்றுமை அங்கிருந்து வருகிறது.

பழைய பியூகிள்:

பிரிட்டிஷ் எடுத்துக்காட்டு வலுவானது. ஆயினும் அந்தக் குழுக்களுக்கான இசை பல தலைமுறைகளாக அந்த இரு சுருதிகளுக்கென்றே எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எழுத்தும் கருவியும் ஒன்றையொன்று வளர்த்தன என்பதே என் வாதம். ஜி பியூகிள் காலத்திலும் அதுவே நடந்தது.

ஒலிப்பதிவுகளை ஒப்பிடுவோருக்கு ஒரு வேண்டுகோள். 2000இல் சுருதி மட்டும் மாறவில்லை. ஜி பியூகிளுக்கென வடிவமைக்கப்பட்ட பெல்லும் உள்விட்டமும் போய், கச்சேரி டிரம்பெட்டுக்கு மிக நெருக்கமான கருவிகள் ஒரே நேரத்தில் வந்தன. 2004இல் ஒலிபெருக்கமும் 2009இல் சின்தசைசர் உள்ளிட்ட மின்னணுக் கருவிகளும் அனுமதிக்கப்பட்டன. கீழ்க்குரலை இயந்திரம் தாங்கத் தொடங்கிய பின் டூபா வரிசையின் பொறுப்பே மாறிவிட்டது. எனவே 1985ஐயும் 2015ஐயும் வைத்துச் சுருதியைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது. 1990களின் மூன்று வால்வு ஜி குழுக்களையும் 2000 முதல் 2003 வரையிலான பி-ஃப்ளாட் குழுக்களையும் ஒப்பிடுவதே நியாயம். அப்படிக் கேட்கும்போதும் எனக்கு ஜியின் அகலம் தெரிகிறது. அது பெல்லிலிருந்து வருகிறது என்று குழலியல் அவர்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பெல்லை அப்படி வடிவமைக்கத் தூண்டியது அந்த நீண்ட குழல்தானே?

இசைவிழைவோன்:

நடைமுறைக் கேள்வி ஒன்று. எங்கள் சிறு குழுவுக்கு இரண்டு வால்வு ஜி கான்ட்ராபாஸ்கள் நன்கொடையாகக் கிடைக்கின்றன. மேலே பி-ஃப்ளாட் டிரம்பெட்டுகளும் எஃப் மெல்லோஃபோன்களும் இருக்கின்றன. கலந்து பயன்படுத்தினால் நாதம் கெடுமா?

சீரிசை:

கெடாது. பெரிய பெல் கொண்ட கான்ட்ராபாஸ் சிறு குழுவுக்கு நல்ல அடித்தளம் தரும். ஆனால் சில சுரங்களில் இரு குடும்பங்களும் எதிரெதிர்த் திசையில் விலகும் என்பதை அறிந்து தொடங்குங்கள். மேலே பேசிய சீரிசைக் கணக்கு இங்கேதான் கைக்கு வருகிறது.

ஒலிக்கும் சுரத்தில் டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜி கருவிக்கு அது ஆறாம் சீரிசை, 2 சென்ட் உயர்ந்தது. பி-ஃப்ளாட் டிரம்பெட்டுக்கு அது ஐந்தாம் சீரிசை, 14 சென்ட் தாழ்ந்தது. ஒரே சுரத்தில் 16 சென்ட் பிளவு. நீடித்து நிற்கும் இடங்களில் மட்டும் டிரம்பெட்டுகள் அதை ஒன்று, இரண்டு வால்வுகளைச் சேர்த்து அழுத்தி ஆறாம் சீரிசையிலிருந்து இறக்கி ஊதட்டும்; சுருதி ஏறும். விரைவான பத்திகளில் இதற்காகச் சிரமப்பட வேண்டாம். பி-ஃப்ளாட் சுரம் நேரெதிர்: டிரம்பெட்டுக்கு அது வால்வில்லாத உறுதியான சுரம், இரண்டு வால்வு ஜி கருவியின் மேல் ஸ்தாயியில் அது ஐந்தாம் சீரிசையிலிருந்து இரண்டாம் வால்வால் அரைச்சுரம் இறக்கப்பட்டது, ஆகவே தாழ்ந்தே ஒலிக்கும். அதன் கீழ் ஸ்தாயியில் அந்தச் சுரமே கிடையாது. பி-ஃப்ளாட் குழுவுக்கென எழுதிய பாஸ் வரியில் அந்தச் சுரம் அடிக்கடி வரும். எனவே வரியை அப்படியே கொடுத்துவிடாமல், கிடைக்காத சுரங்களை மேல் ஸ்தாயிக்கு ஏற்றியோ பேரிடோனுக்கு மாற்றியோ எழுத வேண்டியிருக்கும்.

சுருதி சேர்க்கும்போது வழக்கம்போல பி-ஃப்ளாட்டைக் கொடுத்துத் தொடங்காதீர்கள். முதலில் எஃப் சுரத்தைக் கொடுங்கள்: டிரம்பெட்டுக்கும் மெல்லோஃபோனுக்கும் அது வால்வில்லாத, சீரான சுரம், கான்ட்ராபாஸுக்கு முதல் வால்வு மட்டும் போதும், அந்த வால்வின் ஸ்லைடையும் அப்போதே சரிசெய்துகொள்ளலாம். அடுத்து கான்ட்ராபாஸ்களை மட்டும் வால்வில்லாத ஜியில் நிறுத்தி முதன்மை ஸ்லைடைச் சரிபாருங்கள். பிறகு மீண்டும் எஃபுக்கு வந்து, மேற்குரல்களைக் கான்ட்ராபாஸின் மேல் ஒவ்வொரு வரிசையாகச் சேருங்கள்.